உகம்பானி: மணலில் நீர் சேர்க்கும் நாடு

கென்யத் தலைநகர் நைரோபிக்குத் தென்கிழக்கே மேட்டுநிலம் சரிந்து இறங்கும் இடத்தில் உகம்பானி தொடங்குகிறது. மச்சாகோஸ், மக்குவேனி, கிட்டுயி என்ற மூன்று மாவட்டங்கள் சேர்ந்த இந்த வறள்நிலம் கம்பா மக்களின் தாயகம். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கென்யாவில் கம்பா இனத்தவர் 46 லட்சத்துக்கும் மேல். நாட்டின் பெரிய இனங்களில் அவர்களுக்கு ஐந்தாம் இடம். மேற்கே மச்சாகோஸ் குன்றுகளில் ஓரளவு நல்ல மழை உண்டு. கிழக்கே தானா ஆற்றை நோக்கியும் தெற்கே சாவோ காட்டை நோக்கியும் போகப் போக மழை குறைந்து, முள்மரமும் பெருக்க மரமும் சிவந்த மண்ணுமாக நிலம் மாறிவிடும்.

ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்கள் உண்டு. மார்ச் முதல் மே வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. முன்னதை நீண்ட மழை என்றும் பின்னதைக் குறுமழை என்றும் கென்யர்கள் சொன்னாலும், உகம்பானி உழவர் நம்பி விதைப்பது குறுமழையைத்தான். அந்த மழையும் சீராகப் பெய்வதில்லை. சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டு நின்றுவிடும். 1890களின் இறுதியில் வந்த பெரும்பஞ்சம், 1984இன் பஞ்சம் என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்து, அந்தப் பெயர்களைக் கொண்டே முதியவர்கள் தங்கள் பிறந்த காலத்தைக் கணக்கிட்டார்கள். 2020இன் இறுதியிலிருந்து 2022 வரை கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளில் தொடர்ந்து ஐந்து மழைக்காலங்கள் பொய்த்தன. இப்படிப்பட்ட நிலத்தில் வாழ்வது எப்படி என்ற கேள்விக்குக் கம்பா மக்கள் கண்ட விடைகள் பல. அவற்றில் பெரும்பாலானவை ஓடிப்போகும் ஒன்றை நிறுத்தி வைப்பதைப் பற்றியவை.

முதலில் நீர். உகம்பானியில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வடகிழக்கு எல்லையில் தானா, நடுவே ஆதி. திவா, கைத்தி போன்ற மற்றவை மணலாறுகள். மழை பெய்த சில மணி நேரமோ சில நாட்களோ வெள்ளம் புரளும், பிறகு அகன்ற மணற்படுகை மட்டும் கிடக்கும். ஆனால் மேலே காய்ந்த அந்த மணலுக்கு அடியில் ஈரம் இருக்கும். பெண்களும் சிறுவர்களும் மணலைத் தோண்டி ஊற்று எடுத்து, சுரைக்குடுவையாலோ குவளையாலோ மொண்டு, 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களை நிரப்பிக் கழுதையின் முதுகில் ஏற்றிக்கொண்டு போவது அங்கே அன்றாட வேலை. கோடை முற்ற முற்ற ஊற்றின் ஆழம் கூடும், நடக்க வேண்டிய தூரமும் கூடும். ஒரு நாளின் பெரும்பகுதி தண்ணீருக்கே கழிந்த குடும்பங்கள் அங்கே ஏராளம்.

இந்த இயற்கைச் சேமிப்பைப் பெருக்குவதற்குக் கண்டதுதான் மணல் அணை. கட்டுமானம் எளிமையானது. மணலாற்றின் குறுக்கே, அடியில் பாறை தட்டுப்படும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பாறையின் மேலேயே கல்லும் சிமென்ட்டும் கொண்டு சுவர் எழுப்புகிறார்கள். சுவரின் உயரம் பெரும்பாலும் ஓர் ஆள் உயரத்திலிருந்து இரண்டு ஆள் உயரம் வரை. வெள்ளம் ஓரத்தை அரித்துக்கொண்டு சுற்றிப் போய்விடாதபடி இரு கரைகளுக்குள்ளும் சுவரை நீட்டிவிடுகிறார்கள். அடுத்த மழையில் வரும் வெள்ளம் மண்ணையும் மணலையும் சுமந்து வருகிறது. கனமான மணல் சுவருக்குப் பின்னால் படிந்துவிட, லேசான வண்டல் நீரோடு சுவர் மேலேறிப் போய்விடுகிறது. ஒன்றிரண்டு மழைக்காலங்களில், சில இடங்களில் இன்னும் சில ஆண்டுகளில், அணை முழுவதும் மணலால் நிரம்பிவிடும். மற்ற அணைகள் தூர்ந்துபோனால் கெட்டன என்பார்கள். இந்த அணையோ தூர்ந்த பிறகுதான் பயன் தரத் தொடங்குகிறது.

மணற்பரலுக்கும் மணற்பரலுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் நீர் தங்குகிறது. பரல் பெரிதாக இருந்தால் மொத்தக் கொள்ளளவில் நான்கில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை நீராக இருக்கும். திறந்த குளமாக இருந்தால் இந்த வெயிலில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறடி நீர் ஆவியாகவே போய்விடும். மணலுக்குள் இரண்டு மூன்று அடிக்குக் கீழே போன நீரை வெயில் தொட முடியாது. கொசு முட்டையிட இடமில்லை. ஆடுமாடுகள் இறங்கிக் கலக்க வழியில்லை. மணலே வடிகட்டியாகவும் இருக்கிறது. சுவருக்குப் பின்னால் நீர் நிற்பதால் இரு கரைகளிலும் நிலத்தடி நீர் ஏறி, பக்கத்தில் கிணறு வெட்டவும் காய்கறி பயிரிடவும் முடிகிறது.

1950களிலேயே வேளாண் அதிகாரிகள் இப்படிச் சில அணைகளைக் கட்டியிருந்தார்கள் என்றாலும், அது மக்கள் வேலையாக மாறியது 1970களின் இறுதிக்குப் பிறகுதான். மச்சாகோஸ் பகுதியில் 1978இல் ஜோஷுவா முகூசியா தொடங்கிய உத்தோனி என்ற சுயஉதவிக் குழு இதில் முன்னோடி. கிட்டுயியில் 1990களில் தொடங்கிய சசோல் அறக்கட்டளை ஓர் ஆற்றுக்கு ஓர் அணை என்று நிற்காமல், ஒரே ஓடையில் அடுத்தடுத்துத் தொடராக அணைகளைக் கட்டிச் சென்றது. அந்த மாவட்டத்தில் மட்டும் அதன் உதவியோடு எழுந்தவை 500க்கும் மேல். சிமென்ட்டும் கம்பியும் பொறியாளரும் வெளியிலிருந்து வருவார்கள். கல் உடைப்பது, மணல் அள்ளுவது, நீர் சுமப்பது, கலவை போடுவது எல்லாம் ஊர்க்காரர்களின் உழைப்பு. உழைப்பைக் கொடுத்தவர்களே பிறகு அணையைக் காக்கவும் செய்தார்கள்.

நீர் சேர்க்க இன்னொரு வழி பாறை. கிட்டுயியிலும் மக்குவேனியிலும் நிலத்திலிருந்து திடீரென்று எழுந்து நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகள் உண்டு. அவற்றின் மேல் விழும் மழையைத் தாழ்வான சுவர்களால் ஒரு பக்கம் திருப்பி, பாறையின் மடிப்பிலேயே தேக்கி, குழாய் வழியாக அடிவாரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இதற்கு மோட்டாரும் வேண்டாம், டீசலும் வேண்டாம்.

நீரைப் போலவே மண்ணையும் பிடித்து வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையில் கசப்பு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சி மச்சாகோஸைச் சுற்றியிருந்த நல்ல மேய்ச்சல் நிலங்களையும் குன்றுகளையும் வெள்ளையர் பண்ணைகளுக்குக் கொடுத்துவிட்டு, கம்பா மக்களை எல்லை வகுத்த ஒதுக்கிடங்களுக்குள் அடைத்தது. இருந்த இடத்தில் மக்களும் மாடுகளும் பெருக, 1930களில் சரிவுகள் அரித்து ஓடைகளாயின. மாடு அதிகம் என்பதே காரணம் என்று முடிவுகட்டிய அரசு 1938இல் கட்டாயமாக மாடுகளைப் பிடித்து மலிவான விலைக்கு விற்கத் தொடங்கியது. முயிண்டி எம்பிங்கு தலைமையில் ஆயிரக்கணக்கான கம்பா ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் நைரோபிக்கு நடந்து போய் வாரக்கணக்கில் அங்கேயே முகாமிட்டார்கள். அரசு கட்டாயப் பறிமுதலைக் கைவிட்டது. தலைவரை மட்டும் லாமு தீவுக்கு நாடுகடத்தியது. நைரோபியின் நடுவே ஒரு சாலை இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நிலத்தைப் பறித்தவர்களே நிலம் கெட்டதற்கு மாட்டுக்காரனைக் குற்றம் சொன்ன அநீதியை அந்த மக்கள் சரியாகவே அடையாளம் கண்டார்கள்.

கட்டாய வேலையாக வந்த சமஉயர வரப்புகளையும் அவர்கள் வெறுத்தார்கள். தங்களுடைய முவெத்யா குழுக்கள் மூலமாகத் தாங்களே செய்தபோதுதான் வேலை பிடித்தது. முவெத்யா என்பது வீடு கட்டவும் களை எடுக்கவும் அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் முறைவைத்து உழைக்கும் பழைய வழக்கம். 1950களில் இந்தக் குழுக்கள் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்து, எந்த நிலத்தில் எப்போது வேலை என்பதையும் தாங்களே முடிவு செய்து, படிக்கட்டு வயல்கள் வெட்டின. முறை இதுதான்: சரிவுக்குக் குறுக்கே நீளமாகக் குழி வெட்டி, எடுத்த மண்ணை மேல்பக்கமாக வீசிக் கரை கட்டுவது. மழைநீர் கரைக்கு மேலேயே நின்று ஊறும். வண்டல் அங்கேயே படியும். சில ஆண்டுகளில் சரிவு தானாகச் சமதளப் படியாக மாறும். கரையில் மாட்டுக்குப் புல், குழியோரத்தில் வாழையோ பப்பாளியோ வைப்பார்கள். ஆண்கள் நைரோபிக்கும் மொம்பாசாவுக்கும் வேலைக்குப் போய்விட, இந்தப் படிகளில் பெரும்பகுதியை வெட்டியவை பெண்களின் கைகள்.

மேரி டிஃபன், மைக்கேல் மார்ட்டிமோர், பிரான்சிஸ் கிச்சுகி ஆகிய மூவர் 1994இல் வெளியிட்ட ஆய்வுநூல் இந்த மாற்றத்தை உலகுக்குச் சொன்னது. 1930களின் தொடக்கத்தில் பழைய மச்சாகோஸ் மாவட்டத்தில் சுமார் 2,40,000 பேர். 1989இல் ஏறக்குறைய 14 லட்சம் பேர். மக்கள்தொகை ஆறு மடங்கானபோது மண்ணரிப்பு குறைந்தது, மரங்கள் கூடின, ஆளுக்கு வரும் விளைச்சலின் மதிப்பும் உயர்ந்தது. மக்கள் பெருகினால் நிலம் கெடும் என்ற பொதுநம்பிக்கையை இது அசைத்தது. நைரோபிச் சந்தை பக்கத்தில் இருந்ததும், வெளியூரில் சம்பாதித்த பணம் நிலத்துக்குத் திரும்பியதும் இதில் பெரும்பங்கு வகித்தன. அந்த வசதி எட்டாத கிழக்குக் கிட்டுயியில் அதே அளவு மாற்றம் நடக்கவில்லை.

பயிர்களில் தமிழருக்குத் தெரியாதது என்று சொல்ல அதிகமில்லை. சோளம், கம்பு, தட்டைப்பயறு, துவரை, பாசிப்பயறு என வானம் பார்த்த பூமியில் விளையும் எல்லாமே அங்கும் உண்டு. சோளமும் கம்பும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவில் பிறந்து நம் பக்கம் வந்தவை. துவரையும் பாசிப்பயறும் இந்தியாவிலிருந்து அங்கே போனவை. தட்டைப்பயற்றின் இளம் இலையைக் கீரையாகவும் சமைக்கிறார்கள். ஆனாலும் மனம் விரும்புவது மக்காச்சோளத்தைத்தான். வறட்சிக்கு அது ஏற்றதல்ல. மழை நிற்பதற்குள் முற்றிவிடும் குறுகிய காலக் கட்டுமானி ரகத்தை மச்சாகோஸுக்கு அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையம் 1960களில் தந்ததால்தான் அது அங்கே நிலைத்தது. மக்காச்சோளத்தை நீர் தெளித்து உரலிலிட்டு உலக்கையால் குத்தித் தோல் நீக்கி, அவரையோ துவரையோ சேர்த்து வேகவைப்பது முதொகோய். கம்பா வீட்டு அடையாளமே இந்தச் சாப்பாடுதான்.

துவரையில் கணிசமான பங்கு இந்தியாவுக்குக் கப்பலேறுகிறது. 2017இல் இந்திய அரசு துவரை இறக்குமதிக்கு அளவு விதித்தபோது கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் விலை சரிந்தது. தில்லியில் போடும் ஒரு கையெழுத்து மக்குவேனி உழவரின் வீட்டு அடுப்பைத் தொடுகிறது. மக்குவேனியின் இன்னொரு நல்ல விளைபொருள் மாம்பழம். ஒரே பருவத்தில் குவிந்து அழுகிப்போன பழத்தைக் கூழாக்கி விற்க மாவட்ட அரசே 2017இல் கலம்பா என்னும் ஊரில் ஆலை தொடங்கியது.

ஆடும் திமில் மாடும் அங்கே வங்கிக் கணக்குக்கு ஈடு. பள்ளிக் கட்டணம் கட்ட ஆடு விற்கப்படுகிறது. தேன் எடுப்பது ஆண்களின் தொழில். மரக்கட்டையை நடுவே குடைந்து இரு முனையையும் மூடி, கருவேல இன மரங்களின் உயரக் கிளைகளில் தொங்கவிடுவார்கள். ஆப்பிரிக்கத் தேனீயின் கடுமை தெரிந்தவர்கள் என்பதால் இரவில் புகைப்பந்தத்தோடு ஏறித் தேனடை எடுப்பார்கள். கூட்டின் மேல் உரியவரின் குலக்குறி செதுக்கப்பட்டிருக்கும். அதே குறியை மாட்டுக்குச் சூடாகவும் அம்புக்கு அடையாளமாகவும் போடும் பழக்கம் இருந்தது. கிட்டுயித் தேனுக்குக் கென்யாவெங்கும் பெயர் உண்டு. முற்காலத்தில் அதன் நல்ல பங்கு சடங்குகளுக்கான தேன்கள்ளாகவே போனது.

பெருக்க மரம் வறட்சியின் தோழன். அதன் புளிப்பான சதையில் வைட்டமின் சி நிறைய. விதைகளை அந்தச் சதையோடு சர்க்கரைப் பாகில் புரட்டி, சிவப்புச் சாயமேற்றிப் பள்ளி வாசலில் மிட்டாயாக விற்கிறார்கள். மன்னாரிலும் இராமநாதபுரக் கடற்கரையிலும் நிற்கும் பெருக்க மரங்களும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவையே. அரபு வணிகர் கொண்டுவந்தார்கள் என்பது பரவலான கருத்து.

பெருக்க மரப்பட்டையின் உள்நாரும் காட்டுச் செடிகளின் நாரும்தான் கியோண்டோ என்ற கூடைப்பைக்கு ஆதியில் இழையாயின. இருபதாம் நூற்றாண்டில் சிசல் கற்றாழை வந்ததும் வேலை எளிதாயிற்று. வேலி ஓரத்தில் நிற்கும் கற்றாழை மடலைக் கத்தி விளிம்பில் வைத்து இழுத்துச் சதையைச் சுரண்டி, நாரை அலசி உலர்த்தி, சிறு பிரிகளாக்கித் தொடையில் உருட்டித் திரிக்கிறார்கள். தொடக்கம் அடிப்பாகத்தின் நடுவில். பாவு இழைகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்து, இரண்டு ஊடை இழைகளை ஒன்றையொன்று முறுக்கியபடி ஒவ்வொரு பாவு இழையையும் சுற்றிக்கொண்டு போவது இதன் நெசவு. அடி அகல அகலப் பாவில் புதிய இழைகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். எங்கே எத்தனை சேர்ப்பது என்ற கணக்கில்தான் கூடையின் வடிவம் இருக்கிறது. தறி இல்லை, சட்டம் இல்லை. சந்தைக்கு நடந்துகொண்டே, பேசிக்கொண்டே, கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டே விரல்கள் பின்னும். கோட்டு வரிகளின் வண்ணங்கள் முன்பு பட்டையிலும் வேரிலும் மண்ணிலும் எடுத்தவை. இன்று கடைச்சாயமும் கலந்துவிட்டது.

அடிப்படையில் இது தானியம் சுமக்கும் பொருள். வாரை நெற்றியில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டுப் பெண்கள் சுமை தூக்கினார்கள். 1970, 80களில் இது மேலைநாட்டுப் பெண்களின் தோள்பையாகி ஏற்றுமதி பெருகியது. தோல்வார் தைப்பதும் பேரம் பேசுவதும் நகரத்து ஆண்களின் கைக்குப் போனதால், நாட்கணக்கில் பின்னியவளுக்குக் கிடைத்தது சிறு பங்கே. பின்னர் ஆசியாவில் மலிவாகச் செய்த போலிகளும் சந்தைக்கு வந்தன. பெண்கள் குழுவாகச் சேர்ந்து நேரடியாக விற்கும் இடங்களில் நிலைமை மேல். அந்தக் குழுக்களிலேயே சீட்டுப் போல் முறைவைத்துப் பணம் எடுத்து, கூரைக்குத் தகரமும் வீட்டுக்குத் தண்ணீர்த்தொட்டியும் வாங்குகிறார்கள்.

மரச்சிற்பம் ஆண்களின் கலை. இதன் வரலாறு ஒரு மனிதரிலிருந்து தொடங்குவது வியப்பானது. முதியவர்களுக்கென மூன்று கால் முக்காலி செய்து, அதன் மேல் செம்பு, பித்தளைக் கம்பிகளைப் பதித்து அழகுபடுத்தும் திறமை கம்பா தச்சர்களிடம் முன்பே இருந்தது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சுமைதூக்கும் படையில் சேர்ந்து இன்றைய தான்சானியாவுக்குப் போன வமுன்யு ஊரின் முத்திசியா முங்கே, தார் எஸ் சலாம் பக்கத்துச் சரமோ சிற்பிகளிடம் கருங்காலியில் உருவம் செதுக்கக் கற்று வந்தார். போர் முடிந்ததும் வமுன்யுவில் அவரிடமிருந்து உறவினரும் ஊராரும் கற்றார்கள். ஒரு தலைமுறைக்குள் யானை, ஒட்டகச்சிவிங்கி, முகமூடி, சாலட் கரண்டி எனக் கிழக்கு ஆப்பிரிக்கா வரும் ஒவ்வொரு பயணியின் பெட்டியிலும் கம்பா சிற்பம் ஏறியது. மொம்பாசாவின் சங்கம்வேயில் 1963இல் அமைந்த அகம்பா கைவினைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் உறுப்பினரானார்கள். 1990களில் கென்யாவில் 60,000 முதல் 80,000 சிற்பிகள் வரை இருந்ததாக மதிப்பிடப்பட்டது.

வேலை நடப்பது மரநிழலில், தரையில் உட்கார்ந்து. பச்சை மரத்துண்டை வாய்ச்சியால் கொத்தி உருவத்தைப் பிடித்துவிடுகிறார்கள். பிறகு கத்தியும் அரமும், கடைசியில் உப்புத்தாள். தேய்ப்பதும் மெருகேற்றுவதும் பல வீடுகளில் பெண்களும் சிறுவர்களும் செய்யும் வேலை. வேறு மரத்துக்குக் கருப்பு ஷூ பாலிஷ் பூசிக் கருங்காலி என்று விற்பதும் உண்டு.

அந்த ஏமாற்றுக்குப் பின்னால் ஒரு பஞ்சம் இருக்கிறது. கருங்காலியும் முஹுஹு என்ற மணமுள்ள கெட்டி மரமும் மிக மெதுவாக வளர்பவை. வெட்டிய வேகத்தில் கடற்கரைக் காடுகள் காலியாயின. 1990களில் தாவர ஆய்வாளர்களும் சிற்பிகளின் சங்கங்களும் வேகமாக வளரும் மரங்களுக்கு மாற முயன்றார்கள். தேர்ந்தெடுத்தவற்றில் முதன்மையானது வேம்பு. இந்தியாவிலிருந்து வந்து கென்யக் கடற்கரையெங்கும் முளைத்திருக்கும் வேம்பை, நாற்பது நோய் தீர்க்கும் மரம் என்று சுவாஹிலி மக்கள் கொண்டாடுகிறார்கள். மாமரமும் ஜகரண்டாவும் கூடச் சிற்பமாயின. உகம்பானியின் சொந்த மரமான முகாவு நம் மலைவேம்புக்கு நெருங்கிய உறவு. வறட்சியைத் தாங்கி நின்று, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கதவுக்கும் கட்டிலுக்கும் ஏற்ற செந்நிறப் பலகை தருகிறது. அதன் விதை எளிதில் முளைக்காது. கெட்டி ஓட்டை உடைத்து, உள்ளிருக்கும் பருப்பின் தோலைக் கீறிவிட்டு ஊறவைக்க வேண்டும். கென்ய வன ஆராய்ச்சி நிறுவனம் 1980களிலிருந்து ஜப்பானிய உதவியோடு கிட்டுயியில் இந்த மரத்தை நாற்றுவிட்டுப் பரப்பிவருகிறது.

முகாவு வளர்வதற்குள் கரிமூட்டம் முந்திக்கொள்வதே கவலை. மழை பொய்த்த ஆண்டில் பணம் தருவது கரி ஒன்றுதான். மூட்டம் போடுபவருக்கு மூட்டைக்குச் சில நூறு ஷில்லிங், நைரோபி வியாபாரிக்கு அதைப்போலப் பல மடங்கு. 2018இல் கிட்டுயி ஆளுநர் சாரிட்டி எங்கிலு மாவட்டத்திலிருந்து கரி வெளியே போவதைத் தடை செய்தார். ஏழையின் கடைசி வருமானத்துக்கு மாற்று தராத தடை நெடுங்காலம் நிற்பதில்லை. லாரிகள் இரவில் ஓடின.

மணலுக்கும் அதே கதி. நைரோபியின் கட்டிடங்களுக்காக மணலாறுகளைப் பாறை தெரியும்வரை சுரண்டும்போது போவது மணல் மட்டுமல்ல, அடுத்த ஊர்வரைக்குமான ஊற்றுநீரும் போகிறது. மணல் கொள்ளையை எதிர்த்தவர்கள் உயிரிழந்த நிகழ்ச்சிகளும் உண்டு. மக்குவேனி 2015இல் மணல் பாதுகாப்புக்கென்றே தனிச்சட்டம் இயற்றி, மாவட்டத்துக்கு வெளியே அள்ளிச் செல்வதைக் கட்டுப்படுத்தியது. இந்த வறள்நிலத்தில் இயற்றப்பட்ட சட்டங்களில் இதைவிட அவசியமானது வேறு இருக்க முடியாது.

பெருந்திட்டங்களும் இந்த நிலத்தைத் தேடி வந்தன. கிட்டுயியின் முயி வடிநிலத்தில் சுமார் 40 கோடி டன் நிலக்கரி இருப்பதாக அரசு மதிப்பிட்டிருக்கிறது. நிலத்தை விட்டு எத்தனை குடும்பங்கள் எழ வேண்டும், இழப்பீடு யாருக்கு எவ்வளவு என்ற கேள்விகளோடு திட்டம் நின்றுபோயிற்று. மக்குவேனி எல்லையில் த்வாக்கே ஆறு ஆதியோடு கலக்கும் இடத்தில் 80 மீட்டர் உயரப் பேரணை எழும்புகிறது. குடிநீர், பாசனம், மின்சாரம் மூன்றுக்கும் என்று அது திட்டமிடப்பட்டது. நைரோபியின் சாக்கடையைச் சுமந்து வரும் ஆதி ஆற்று நீரை முதலில் தூய்மையாக்க வேண்டும் என்று கீழ்க்கரை மக்கள் கேட்டுவருகிறார்கள்.